யாருக்கும் சொந்தமில்லாத தூக்குவாளி

இந்தச் சம்பவம் நடந்த தேதியை என்னால் சொல்ல முடியவில்லை. தேதி தெரியாத ஒன்றை எழுதுவது எனக்குக் கூச்சமான காரியம்தான். ஆனால் குற்றம் என்னுடையதல்ல. போர்ட் பிளேரில் பள்ளிக்கூடம் போன காலத்தில், கப்பல் வருகிற நாளையும் போகிற நாளையும் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் இடது ஓரத்தை மட்டும் பூச்சி தின்றுவிட்டது. தேதிகள் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்தன. மிஞ்சியவை கிழமைகளும், ‘கப்பல் லேட்’, ‘வெங்காயம் வந்தது’ போன்ற குறிப்புகளும்தான். நான் அப்போது நான்காம் வகுப்பு. ஆகவே அறுபதுகளின் பாதியைத் தாண்டிய ஏதோ ஒரு வருடம், மழை விட்ட சமயம் என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு தூக்குவாளியின் போக்குவரத்தையும் எழுதியிருக்கிறேன். கப்பலுக்கு அடுத்தபடியாக எங்கள் வாழ்க்கையில் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது அதுதான்.

எங்கள் வீடு மரைன் ஹில்லில், அப்பாவுக்கு சர்க்கார் கொடுத்த குவார்ட்டர்ஸ். மரச்சுவர், தகரக் கூரை. அம்மாவின் சிநேகிதி குடியிருந்தது கீழே அபர்டீன் பஜாரில், அவள் வீட்டுக்காரரின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில். தாமிரபரணி கடலில் கலக்கிற பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்த ஊர் வழக்கப்படி அம்மா அவளை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டாள். முறைப்படி எனக்கு அவள் பெரியம்மாவாக வேண்டும். அம்மாவைப் பார்த்து நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன், யாரும் திருத்தவில்லை. கடைக்காரர் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன்.

இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அம்மா கல்யாணமாகி ஒரு மாதத்தில் ஏறியவள். கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டதும் குமட்டலில் படுத்தவளுக்கு, பக்கத்துப் படுக்கையிலிருந்து ஒரு கை உப்பு நார்த்தங்காய்த் துண்டை நீட்டியதாம். அந்தக் கைதான் லாத்தா. இந்தி அம்மாவுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. எங்களுக்கு ஒரு பக்கம் வங்காளிக் குடும்பம், மறுபக்கம் தெலுங்குக் குடும்பம். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரோடும் உடைந்த இந்தி. “இந்தியில காய்கறி வாங்கலாம்டி, அழ முடியாது” என்பாள் அம்மா. தமிழில் அழுவதற்கும் சிரிப்பதற்கும் அவளுக்கு அந்தத் தீவில் இருந்த ஒரே இடம் ஜவுளிக்கடை மாடி.

தூக்குவாளியும் அந்தக் கப்பலில் வந்ததுதான். ஏறுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் தனித்தனியாக, சென்னையில் ஒரே தெருவில், ஒரே மாதிரி எவர்சில்வர் தூக்குவாளி வாங்கியிருந்தார்கள். பெயர் வெட்ட நேரமில்லை. மூன்றாம் நாள் கடல் கொந்தளித்ததில் இரண்டு வாளிகளும் படுக்கைகளுக்கு அடியில் சேர்ந்து உருண்டன. இறங்கும்போது ஒன்றுதான் இருந்தது. காணாமல் போனது தன்னுடையது என்று அம்மா சொன்னாள். இல்லை, என்னுடையது என்று லாத்தா சொன்னாள். ஆக, மிச்சமிருந்த வாளி எப்போதும் மற்றவளுடையதாகவே இருந்தது.

அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது இரண்டு வீட்டிலும் சட்டம். எனவே அம்மா அதில் அதிரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். லாத்தா அதை மாசிக் கருவாட்டுச் சம்பலோடு கொண்டுவந்து கொடுப்பாள். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் போகும். ஆறு வாரம் கப்பல் வராத ஒரு மழைக்காலத்தில் வாளிக்குள் காகிதம் சுற்றிய மூன்று வெங்காயம் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்காத குறை.

இன்னொன்றையும் என் நோட்டு சொல்கிறது: வாளி இல்லாமல் அம்மா லாத்தா வீட்டுக்குப் போனதே இல்லை. “வாளியைக் குடுத்துட்டு வந்துர்றேங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவாள். பத்து நிமிஷ இறக்கம். மூன்று மணி நேரம் கழித்து வருவாள்.

அந்த வருடம் மழை விட்டதும் ஊரிலிருந்து கடிதம் வந்தது. காக்காவின் வாப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். ஊர்க் கடையைப் பார்க்க ஆளில்லை. லாத்தாவின் ஒரே மகன் அங்கேதான் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். காக்கா ஜவுளிக்கடையை ஒரு பங்காளிக்குக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகக் கிளம்ப முடிவு செய்தார். மகனோடு இருக்கப்போகிற சந்தோஷத்தை லாத்தாவால் மறைக்க முடியவில்லை. அம்மாவுக்கு எதிரில் மறைக்கப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மா குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

கப்பல் வெள்ளிக்கிழமை என்றார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை லாத்தா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலாப்பம் செய்து வாளியில் கொடுத்தனுப்பினாள். மூட்டை கட்டுகிற அவசரத்தில் அவள் வரவில்லை. நான்தான் வாங்கி வந்தேன்.

“வாளிய உங்கம்மாவே வச்சிக்கிடட்டும். ஊருக்கு லீவுல வர்றப்ப எங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கச் சொல்லு புள்ளே.”

நான் சொன்னேன். அம்மா வட்டிலாப்பத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள், வாளியைத் தேய்த்தாள், பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை மூட்டிப் புளியோதரை கிளறினாள்.

“இதைக் கொண்டுபோய்க் குடு. கப்பல்ல சாப்பிடச் சொல்லு. வாளி அவங்ககிட்டயே இருக்கட்டும். என்னைக்காவது இங்க வர்றப்ப கொண்டுவரட்டும்னு சொல்லு.”

கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று கேட்டேன். “புளியோதரை கெடாது” என்றாள். ஆறு நாள் கெடாத புளியோதரையை யாரும் இதுவரை கிளறியதில்லை என்பது எனக்கே தெரியும்.

லாத்தா வாளியைத் திறந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். “உங்கம்மா ரொம்பப் புத்திசாலி” என்றாள். பாராட்டுகிற குரல் இல்லை. அன்றே வாளி தேங்காய்ப் பர்பியோடு என் கையில் திரும்பியது. திங்கட்கிழமை சுண்டலோடு போனது. செவ்வாய்க்கிழமை பேரீச்சம்பழத்தோடு வந்தது. நடுவில் நான் பள்ளிக்கூடமும் போகவேண்டியிருந்தது.

சண்டை வந்துவிட்டது என்று நினைத்தேன். உலகத்தில் நான் கண்ட எல்லாச் சண்டையிலும் ஆளுக்கு ஆள் பொருளைத் தன்னுடையது என்பார்கள். இந்தச் சண்டையில் இரண்டு பேரும் உன்னுடையது, உன்னுடையது என்றார்கள். யாருக்குமே வேண்டாத வாளியில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும். அடியைத் தட்டிப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகவில்லை.

முறையாக விசாரிக்க முடிவு செய்தேன். முதல் சாட்சி அப்பா. சவரம் செய்துகொண்டிருந்தார்.

“வாளி யாரோடதுப்பா?”

“அது அவங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். என்னை இழுக்காதே.”

இரண்டாவது சாட்சி காக்கா. கடையில் கடைசித் துணிக்கட்டுகளைப் பிரித்து ஒரு வங்காளிக்காரரிடம் இந்தியில் விலை பேசிக்கொண்டிருந்தார். “அந்தக் கப்பல்ல நாலு நாளும் நான் கண்ணையே தொறக்கலம்மா” என்றார் தமிழுக்குத் திரும்பி. “வாளி வந்துச்சா, வாளியில நான் வந்தேனான்னுகூடத் தெரியாது.”

புதன்கிழமை கப்பல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவது தீவு வழக்கம். லாத்தா வீட்டு அம்மிக்கல் தெலுங்குக்காரர் வீட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை எங்களுக்கு இரண்டு கோழிகள் வந்தன, கூடையோடு. அப்போது வாளி லாத்தாவிடம் இருந்தது. சுண்டலுக்குப் பிறகு அம்மா அதில் முறுக்கு வைத்துக் கொடுத்து, இரண்டு நாள் தாண்டியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

கோழிகளை வெளியே விட்டுக் கூடையைத் தட்டியபோது வைக்கோலுக்கு அடியிலிருந்து வாளி விழுந்தது. அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே உமி நிரப்பி ஆறு முட்டை. ஒன்றுகூட உடையவில்லை.

“பாருடி, கடத்துறதுலகூட வெறும் வாளி அனுப்பல அவ” என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோழிகளுக்கு அரிசி போட வேகமாகப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அம்மா பரணிலிருந்து ஒரு சீனா ஜாடியை இறக்கினாள். வருடா வருடம் அவள் பிறந்த வீட்டிலிருந்து கப்பலில் வரும் உப்பு நார்த்தங்காய் அதில் இருந்தது. யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் ஒரு துண்டு வெளியே வரும். மற்றபடி நாங்கள் அதைத் தொடக்கூடாது. ஜாடியில் இருந்த அத்தனையையும் அம்மா வாளியில் போட்டாள்.

“கப்பல் ஏணி எடுக்குற நேரத்துல குடுப்பேன். அப்ப எப்படித் திருப்பித் தருவான்னு பாக்குறேன்” என்றாள் அப்பாவிடம். “குடுத்தா, என்னைக்காவது அதை நெறச்சுக்கிட்டு அவ இந்தக் கடலைத் தாண்டி வந்துதானே ஆகணும்?”

“வருவாங்க, வருவாங்க” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து நிமிராமல். அவர் கையிலிருந்தது மூன்று வாரத்துக்கு முந்தின பேப்பர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் மனசு அதில் இல்லை. அந்த வாரம் வகுப்பில் பின்னம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு அரை என்பது கரும்பலகையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ரொட்டியைப் பிரிக்கலாம், ஆரஞ்சைப் பிரிக்கலாம். தூக்குவாளியை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தபோது, அது ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

ஞாயிறு காலை அம்மா தலை பின்னிக்கொண்டிருந்தபோது வாளியின் மூடியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். வாளியின் வாயை வாழையிலையால் மூடி, நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். துணிப்பைக்குள் வைத்துச் சுருக்குக் கயிற்றை இழுத்த பிறகு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பஸ்ஸில் பையை நானே மடியில் வைத்துக்கொண்டேன். பொறுப்பான பெண் என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

சாத்தம் ஜெட்டியில் பாதித் தீவே நின்றது. கப்பல் போகும் நாள் அங்கே திருவிழா மாதிரி. வழியனுப்ப ஆள் இல்லாதவர்கள்கூட வருவார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் “ஜல்தி, ஜல்தி” என்று எல்லாரையும் இடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் காக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு, பேச ஒன்றும் கிடைக்காமல், கப்பலின் நீளத்தைப் பற்றிப் பேசினார்கள். லாத்தா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் போர்த்தியிருந்த துப்பட்டியில் ஏலக்காய் வாசனை வந்தது.

சங்கு ஊதியது. லாத்தா ஏணியில் கால் வைத்ததும் அம்மா பையை அவள் கையில் திணித்தாள். துணிக்கு மேலாகத் தடவிப் பார்த்ததுமே லாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

“புள்ளே, இது நாயமில்ல.”

“நெறச்சுக் கொண்டாங்க லாத்தா. எப்பன்னாலும் சரி.”

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். லாத்தா பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே போனாள். ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பல் விலகி, கரைக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அம்மா அழுதுகொண்டிருந்தாள், ஆனால் ஜெயித்தவளின் முகம். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த முகம் சாயங்காலம் அரிசி டின்னுக்குள் கை விடும்வரை இருந்தது.

“இது என்னடி?”

நான் பெருமையோடு விளக்கினேன். ஆளுக்கு அரை. வாளி அவங்களுக்கு, மூடி நமக்கு. இனிமேல் சண்டை இல்லை. பின்னக் கணக்கில் எனக்கு முழு மதிப்பெண் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

நடு மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. “முழுசா அனுப்பிட்டேன்னு நெனச்சேனே” என்று சொல்லிக்கொண்டே அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா ஓடி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு குட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டு என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குட்டு எதற்கு, மடி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மூடியைக் கழுவித் துடைத்து, ஒரு பழைய மஞ்சள் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

இரண்டு கப்பல் தாண்டி லாத்தாவின் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்லக் காக்கா எழுதியது. மூடி இல்லாததால் நார்த்தங்காய் வாசனை கப்பல் முழுக்கப் பரவி, வாந்தி எடுத்தவர்கள் எல்லாரும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்களாம். ஊர் சேரும்போது ஒரு துண்டுகூட மிச்சமில்லையாம். கடைசி வரிகளை அம்மா அப்பாவிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினாள். ‘வாயைத் திறந்துகொண்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. மூடி உன்னிடம் இருக்கிறது. வந்து மூடிவிட்டுப் போ.’

அப்பாவுக்கு நீண்ட லீவு கிடைத்தது நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில். கப்பலில் நாலு நாள், ரயிலில் ஒரு ராத்திரி, பிறகு மதுரைப் பக்கத்தில் பெரியப்பா வீடு. லீவு நாட்களை அப்பாவின் உறவுக்காரர்கள் ஆளுக்கு இரண்டு நாளாகப் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். அம்மா பிறந்த வீட்டுக்கே மூன்று நாள்தான். பட்டியலைப் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார். அம்மா அடுக்களைக் கதவோரத்தில் நின்று, அப்பாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அந்த மூடியைக் குடுக்கணும்ல.”

“என்ன மூடி?” என்றார் பெரியப்பா.

அப்பா தயங்கித் தயங்கி விளக்கினார்.

“ஒரு தூக்குவாளி மூடிக்காக அத்தனை தூரமா? தபால்ல அனுப்பு.”

“அடுத்தவங்க பொருளுங்க” என்றாள் அம்மா, இன்னும் அப்பாவைப் பார்த்தே. “ரெண்டு வருஷமா நம்ம வீட்ல இருக்கு. நேர்ல போய் ஒப்படைக்கிறதுதான் மரியாதை.”

பெரியப்பா பஞ்சாயத்துப் பேசுகிறவர். அடுத்தவர் பொருள் என்றதும் மீசையைத் தடவினார். பிறகு தன் தங்கை வீட்டுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு நாளை அவரே அடித்துவிட்டு, திருநெல்வேலி பஸ் எத்தனை மணிக்கு என்று ஆளனுப்பி விசாரித்தார். அம்மாவும் நானும் போய்வருவது என்று முடிவாயிற்று.

லாத்தா வீடு கடலுக்குப் பக்கத்தில், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகிற வீடு. வாசலிலேயே இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். “மெலிஞ்சுட்டியே புள்ளே”, “நீங்க பெருத்துட்டீங்க லாத்தா” என்று தொடங்கிய பேச்சு இரண்டு நாளும் நிற்கவே இல்லை. வாளி அடுக்களை அலமாரியில் வாயைத் திறந்தபடியே, கடிதத்தில் சொன்ன மாதிரியே இருந்தது. பளபளவென்று தேய்த்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அதை நான் அடிக்கடி பார்த்துக்கொண்டேன். அம்மா இப்போது எழுந்து மூடியை எடுப்பாள், இப்போது எடுப்பாள் என்று காத்திருந்தேன். வட்டிலாப்பம் வந்தது, மூடி வரவில்லை. லாத்தாவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினோம். லாத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் நகரும்வரை பேசினாள், நகர்ந்த பிறகும் கூடவே நடந்து பேசினாள். தெரு முனை திரும்பியதும், தின்ன ஏதாவது இருக்குமா என்று நான் அம்மாவின் பைக்குள் கையை விட்டேன். மஞ்சள் துணி தட்டுப்பட்டது. அவிழ்க்கவே இல்லை. முடிச்சு நான் போர்ட் பிளேரில் பார்த்த அதே முடிச்சு.

“அம்மா! மூடி!”

“அட, மறந்துட்டேனே” என்றாள் அம்மா. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸை நிறுத்தச் சொல்லட்டுமா? நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துருவேன். லாத்தா இன்னும் அங்கதான் நிப்பாங்க.”

“வேணாம் வேணாம். அடுத்த லீவுல குடுத்துக்கலாம். பேசாம உக்காரு.”

கப்பலில் திரும்பிப் போகும்போது நோட்டை எடுத்து எழுதினேன். அந்தப் பக்கத்திலும் தேதியைப் பூச்சி தின்றுவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது. ‘திங்கள். மூடி கொடுக்கவில்லை. அம்மாவும் மறந்துவிட்டாள், லாத்தாவும் மறந்துவிட்டாள். எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.’

இரண்டு பெரியவர்களைவிட எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்ற பெருமையோடுதான் அந்த முறை நான் போர்ட் பிளேரில் இறங்கினேன்.